சிவப்புக்கு ஒரு முடிச்சு

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறமாகத்தான் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருந்த ஆள் நான் ஒருத்திதான்.

கல்யாணமான புதிதில் பழுத்த தக்காளியாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். பாதிக்குப் பாதி காய். "கண்ணை எங்க வச்சிட்டு வாங்குனீங்க?" என்று கத்தினேன். மனுஷன் முகம் செத்துப்போய்விட்டது. அன்றைக்குத்தான் சொன்னார். "வெளிய தெரிஞ்சா எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். உன் வாயில இருந்து வரக் கூடாது." என் வாயைப் பற்றித் தெரிந்தும் நம்பினார், பாவம்.

அதிலிருந்து தினமும் காலையில் வயர்ச் சுருள்களின் முனையில் நான் முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். லைன் வரும் சிவப்புக்கு ஒன்று, எர்த் பச்சைக்கு இரண்டு. கறுப்பு அவருக்கே தெரியும். நடுவில் வெட்டினால் வெட்டிய இடத்தில் அவரே போட்டுக்கொள்வார். ஒரு வீட்டிலும் ஒரு வயர் மாறியதில்லை.

போன மாதம் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் பட்டறை போட ஆரம்பித்தார். ஒரு ட்ரில்லிங் மிஷின் வாங்கினார். பஸ் டிரைவரான என் கொழுந்தன் லீவு போட்டு உதவிக்கு வந்தான். சுவரோரம் பைப் அடித்தாயிற்று. சுவிட்ச் பெட்டிப் பக்கமிருந்து அவர் வயரை விட, மிஷின் பக்கம் நான் இழுத்தேன். "இழு... மெதுவா... வளைவுல மாட்டுது பாரு." முனைகள் வந்ததும் வழக்கம்போல முடிச்சுப் போட்டேன்.

கொழுந்தன் சிரித்தான். "அண்ணே, அண்ணி வயருக்குப் பின்னல் போட்டு விடுறாங்க!"

இவருக்கு எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தில் என் மேல் பாய்ந்தார். "உனக்கு வேலையப் பத்தி என்ன தெரியும்? உள்ள போ!"

எனக்கா தெரியாது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இனிமே உங்க வயரை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே டீயைக் குடித்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆள் வந்து கூப்பிட்டான். மிஷின் மேல் கை வைத்தவர் கையை எடுக்கவே இல்லையாம்.

சிவப்பும் பச்சையும் மாறியிருந்தன, எர்த் சேர வேண்டிய மிஷின் உடம்பில் கரண்ட் பாய்ந்திருக்கிறது என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். முடிச்சு இருக்கும்போது எப்படி மாறும்? எனக்குப் புரியவே இல்லை.

கொழுந்தன் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"நான்தான் அண்ணி வயரை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மாத்திக் கொடுத்துட்டேனோ?"

போனவர் கௌரவம் போனால் போகட்டும், இருப்பவனாவது பிழைக்கட்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவனே சொன்னான். "நீங்க போனதும் அண்ணன் சுவிட்ச் வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு. வந்ததும் வேலை சுலபமா இருக்கட்டுமேன்னு முடிச்சோட முனையெல்லாம் ஒரே அளவா வெட்டி, சீவி வச்சேன். வந்து ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னாரு. அந்த முடிச்சு எதுக்கு அண்ணி?"

மனுஷன் அவனிடம் "பச்சை எதுடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? டெஸ்டரையாவது வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? தம்பி பக்கத்தில் நிற்கிறானே, வெட்கம்! நான் இருந்திருந்தால் கண் ஜாடையிலேயே காட்டியிருப்பேன். பாவி, நான் இல்லையே.

"முடிச்சா? அது சும்மா. இழுக்கும்போது கைக்குப் பிடி கிடைக்கும்னு போடுறது."

"அப்போ எப்படி மாறிச்சு?"

"உங்க அண்ணனுக்குக் கொஞ்ச நாளாவே வேலையில கவனம் இல்லப்பா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. சாப்பிடு."

முப்பத்தோரு வருஷம் ஒரு வயரைக்கூட மாற்றி இணைக்காத மனுஷனைப் பற்றி என் வாயாலேயே அப்படிச் சொன்னேன். கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இழுத்தான்.