நபீசாக்காவின் போனில் அனுமதி கேட்டது யார்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடைக்கு வருகிறவர்கள், "போன் தானா ஆன் ஆவுது, உள்ள என்னமோ இருக்கு" என்று சொன்னால்கூட, "ஒண்ணும் இல்ல சேட்டா, பவர் பட்டன் அழுந்திக் கெடக்கு" என்று கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு ஊர் கடையநல்லூர் பக்கம், மட்டாஞ்சேரியில் பதினோரு வருஷமாக மொபைல் ரிப்பேர் கடை. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் எனக்குத் தெரியும் என்கிற திமிர் நிறையவே உண்டு. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

நபீசாக்கா பக்கத்துச் சந்தில் இருக்கிறவர், வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். அவர் கணவர் சுலைமான் பாய் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார், வேலைக்குப் போன இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவரைத் தெருவில் பார்த்திருக்கிறேனே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் போய் நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அக்கா வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு போனை மேஜைமேல் வைத்தார்.

"அவரோட போனு தம்பி. சார்ஜ் ஏறமாட்டேங்குது. அத மட்டும் சரியாக்கிக் குடுங்க. வேற ஒண்ணும் தொட வேண்டா."

"சரிக்கா, நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றேன். போனைத் திறக்கிற நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார்.

சார்ஜ் பின்னை மாற்ற இருபது நிமிஷம்தான் ஆனது. அதோடு மூடி வைத்திருக்க வேண்டும். ஆனால் என்ன மாடல் என்று பார்த்தேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. எங்களை மாதிரி ஆட்கள் இருக்கிற ஒரு குழுவில் அந்த மாடலுக்குப் புது சிஸ்டம் ஒன்று அன்றைக்குத்தான் வந்திருந்தது, கம்பெனி விட்டதில்லை, யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்தது. அதில் ரூட் எடுக்க முடிகிறதா, அதாவது கம்பெனி நம்மிடம் தராத சாவிக்கொத்தை வாங்கிப் போனின் எல்லா அறைகளையும் திறக்க முடிகிறதா, அப்படித் திறந்தபிறகும் பேங்க் ஆப், ரயில் டிக்கெட் ஆப் எல்லாம் முரண்டு பிடிக்காமல் ஓடுகிறதா என்று யாரும் இன்னும் சோதித்துச் சொல்லவில்லை. முதல் ஆளாக நான் சொல்ல வேண்டும் என்று ஒரு அரிப்பு. அவ்வளவுதான், வேறு காரணமே கிடையாது.

புது சிஸ்டம் ஏற்றுவதற்கு முன்னால் போனில் கம்பெனி போட்ட உள்பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்தேன். சோதித்துவிட்டுப் பழைய சிஸ்டத்தையே போட்டு, எடுத்ததைத் திருப்பி வைத்துவிடலாம், அக்காவுக்குத் தெரியவா போகிறது என்று கணக்கு. சில ஆப்கள் தங்கள் சாமானைத் தனி அறையில் பூட்டி வைத்திருக்கும், ரூட் இல்லாமல் அதைப் பிரதி எடுக்க முடியாது, ரூட் எடுக்கவோ முதலில் அழித்தாக வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கிடங்கில் வேலை பார்த்த மனுஷனுக்கு அதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன். எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது, படிக்காமலே அமுக்கினேன்.

பட்டப்பகல், மதியம் இரண்டு மணி இருக்கும். புது சிஸ்டம் ஏறிவிட்டது, ரூட்டும் கிடைத்துவிட்டது, நான் ஒரே குஷியில் ஒவ்வொரு ஆப்பாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஆப்புக்காவது ரூட் வேண்டுமென்றால் அதன் பெயரைக் காட்டி, அனுமதிக்கவா மறுக்கவா என்று ஒரு பெட்டி வரும். அப்படி ஒன்று வந்தது, ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மறுத்தேன். திரும்ப வந்தது. திரும்ப மறுத்தேன். மூன்றாவது தடவை, என்னதான் செய்கிறது பார்ப்போமே என்று அனுமதித்தேன். உள்ளே சிம் கிடையாது, நெட்டையும் அப்போது நிறுத்தித்தான் வைத்திருந்தேன், நம்பினால் நம்புங்கள்.

ஸ்பீக்கரில் முதலில் லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆள் இருமினார். "நபீசா, கதவச் சாத்திட்டு நீ சாப்பிடு. நான் வர வைகும்." நேரமாகும் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

போனை மேஜைமேல் போட்டேன். கொஞ்சம் பொறுத்து, பயந்துகொண்டே உள்ளே தேடினால் ஒரு ஒலிப்பதிவும் இல்லை. அப்போதே நிதானமாக உட்கார்ந்து, அழிந்ததை மீட்க வழி இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. இந்தச் சனியன் போய்த் தொலையட்டும் என்று மறுபடியும் சுத்தமாக அழித்து, பழைய சிஸ்டத்தைப் போட்டு, பிரதி எடுத்ததையெல்லாம் திருப்பி வைத்து, போனை அணைத்துவிட்டேன். முதல் தடவை கொழுப்பில் அழித்தேன், இரண்டாவது தடவை தெரிந்தே அழித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்து போனை வாங்கினார், சார்ஜ் ஏறுவதைப் பார்த்து முகம் மலர்ந்தது. விரலால் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினார்.

"ரெக்கார்டர் எங்க தம்பி? அவர் பேசுறது எல்லாம் அதுல விழும். கடைசியா கிடங்குலேர்ந்து கூப்பிட்டார். கதவச் சாத்திட்டு நீ சாப்பிடு, நான் வர வைகும்னு. அத தெனம் கேக்காம எனக்குச் சோறு எறங்காது. இந்த ஒரு வாரமா சார்ஜ் இல்லாம கேக்கல."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பொய். "போர்டுல ஷார்ட் ஆயிருக்குக்கா. அதுல கொஞ்சம் போயிருக்கும்" என்றேன்.

அவர் திரையை அணைத்தார். பிறகு, "சாரமில்ல தம்பி, பரவால்ல. நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டு, அதே கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

எட்டு நாள் கழித்து அக்கா கடை வாசலில் வந்து நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணும் போகலியே. மத்தியானம் சோறு போட்டுட்டு உக்காந்தா தானா கேக்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். ரெக்கார்டர் இல்லை, ஒரு பதிவும் இல்லை, நான் திருப்பி வைத்தவை மட்டும்தான் இருந்தன. அக்கா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ பேசுவதைக் கேட்கிறவர் மாதிரித் தலையாட்டினார். என் காதில் ஒன்றும் விழவில்லை.

"இன்னிக்கு வேற என்னமோ சொன்னார் தம்பி. எனக்கு வெளங்கல, உங்ககிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன்."

"என்னக்கா சொன்னார்?"

"கடைக்காரத் தம்பிய ஒண்ணும் கேக்காத நபீசா, அது ரொம்பப் பேடிச்சுப் போச்சுன்னு. நீங்க எதுக்குத் தம்பி பயந்தீங்க?"

நான் பயந்ததை என் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அக்கா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலக்கா" என்றேன். இன்றைக்கும் வழியில் என்னைப் பார்த்தால் அதையேதான் கேட்கிறார், நானும் அதையேதான் சொல்கிறேன்.