ஓணானும் என் வயிற்றெரிச்சலும்

கல்யாணமாகி அமெரிக்காவில் டெக்சாஸ் ரிச்சர்ட்சனுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். மண் நிறம், கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி, வாலோடு சேர்த்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. ஆணா பெண்ணா என்றே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இருந்தாலும் எனக்குச் சக்களத்திதான்.

என் கணவரோடு ஒரே ஆபீசில் இருந்தவருக்குக் கலிபோர்னியாவில் சான் ரமோனில் வேலை கிடைத்தது. அங்கே வாடகைக்குப் பிடித்த வீட்டில் பிராணி எதுவும் வளர்க்கக் கூடாதாம். தன் ஓணானைக் கண்ணாடித் தொட்டி, விளக்கு, வயர் எல்லாவற்றோடும் எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் இறக்கி வைத்துவிட்டு, "பாத்துக்கோங்க" என்று போய்விட்டார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் என் கணவர். அன்றைக்கே சொன்னேன்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான் இது."

"நான் வேட்டியே கட்டறதில்லையே" என்றார்.

ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று பார்த்தேன். அடங்கவில்லை. டெலிகாம் கம்பெனியில் சர்க்யூட் டெஸ்ட் பண்ணுகிற மனிதரின் கையில் விளக்கும் வயரும் கிடைத்தால் விடுவாரா? தொட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வெயில் மாதிரி விளக்கு, மறு ஓரம் நிழல். ஓரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். சுடுகிற பக்கம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட், குளிர்ந்த பக்கம் எண்பது. விளக்கு கம்பி வலை மூடிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் ஓணான் ஏறித் தொட்டுவிடும். கிளிப் மட்டும் போதாது, நழுவிக் கார்ப்பெட்டில் விழுந்தால் வீடு பற்றிக்கொள்ளும் என்று கம்பி போட்டும் இறுக்கிக் கட்டினார். சூடு ஏறினால் தானாகவே குறைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் வாங்கி வந்து மாட்டினார்.

எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. அது அறுபத்தாறிலேயே நின்றது. ஹீட்டர் ஓடினால் அவருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளுமாம். சேலத்து வெயிலில் வளர்ந்தவள் நான். குளிருதுங்க என்றால், "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பார். ஓணானுக்கு நூறு டிகிரி, எனக்கு ஸ்வெட்டர்.

தொட்டியோடு ஒரு சூட்டுக்கல்லும் வந்திருந்தது. கரண்டில் சூடாகிற போலிப் பாறை. அதைத் தொட்டுப் பார்த்தவர் உடனே பிடுங்கிக் குப்பையில் போட்டார். ஒரு இடத்தில் வெதுவெதுப்பு, இன்னொரு இடத்தில் தோசைக்கல்.

"இதுங்களுக்கு வயித்துக்கு அடியில சுடறது சரியா தெரியாது. வெந்து போற வரைக்கும் அப்படியே படுத்திருக்கும், பாவம்" என்றார்.

எனக்கு வயிறு எரிவது நன்றாகவே தெரிந்தது. அந்தப் 'பாவம்' என் பக்கம் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? வெங்காயம் எந்தப் பக்கம் உரிப்பது என்று தெரியாத மனிதர், காலையில் நின்று அதற்குக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கினார். பூச்சி டப்பாவைத் திறந்து ஊட்டினார். "வாடா தங்கம்" என்றார். என்னை ஒரு நாளும் தங்கம் என்றதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மத்தியான போனைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு வேலை பார்க்க விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது. பகல் முழுவதும் நான்கு சுவர்தான். மத்தியானம் ஆபீசிலிருந்து அவர் போன் பண்ணி "சாப்டாச்சா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையிலிருந்து காத்திருப்பேன். ஓணான் வந்த பிறகு ஒரு நாள் வழக்கம்போல, "ஆச்சுங்க, ரசம், உருளைக்கிழங்கு" என்றேன்.

"உன்னைக் கேக்கல. அது கீரை சாப்டுச்சா?"

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். யாரைக் கேட்கிறார் என்று காட்டிக்கொடுக்காத கேள்வி. நான் அதன் சாப்பாட்டை ஒப்பிப்பேன், அவர் வைத்துவிடுவார். வைத்த பிறகு ஓணானைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். அது விளக்கின் கீழ் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு மகாராணி மாதிரி படுத்திருக்கும். சுட்டால் நிழலுக்குப் போகும், குளிர்ந்தால் வெளிச்சத்துக்கு வரும். அதற்குப் போக்கிடம் இரண்டு இருந்தன. எனக்கு அந்த ஹால் ஒன்றுதான்.

நடுவில் எனக்கு ஃப்ளூ வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பாதரச தெர்மாமீட்டரை வாயில் வைத்து எடுத்தேன். நூற்றி இரண்டு. அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நூத்தி ரெண்டு இருக்குங்க."

"நூத்தி ரெண்டா? கரெக்ட்டாத்தான் இருக்கு, ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார் நிமிராமலே.

ஊரில் வெயிலைச் செல்சியஸில் சொல்லுவோம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில். இங்கே இரண்டுக்கும் ஃபாரன்ஹீட்தான். எனக்கு நூற்றி இரண்டு என்றால் அது காய்ச்சல்தான், வேறு எதுவும் இல்லை. இவர் காதில் அது ஓணானின் வெயிலாக விழுந்திருக்கிறது. புரிந்ததும் பதறிப்போய் மாத்திரை கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். நான் அன்று பூராவும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை ஐஸ் மழை பெய்தது. டெக்சாஸில் அதற்கு எல்லாரும் பயப்படுவார்கள். ரோடு கண்ணாடியாக உறைந்துவிடும், ஃப்ரீவேயில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அவர் ஆபீஸ் போன பிறகுதான் அது தொடங்கியது. பத்து மணி வாக்கில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. ஹீட்டர் நின்றது, தொட்டி விளக்கும் நின்றது. சுவரோடு வயர் போட்ட பழைய போன் மட்டும் அடித்தது. அவர்தான். கரண்ட் இல்லை என்றதும் ஆரம்பித்தார்.

"அந்த விளக்கு ப்ளக்கை முதல்ல பிடுங்கிடு. கம்பளி எதையாவது போட்டு மூடியிருக்கிறப்போ கரண்ட் வந்துச்சுன்னா பத்திக்கும். வெந்நீர் பாட்டில் வெச்சா துணி சுத்தி வெய்யி, நேரா படக்கூடாது. சாப்பாடு போடாத, சூடு இல்லாம அதுக்கு ஜீரணம் ஆகாது. ரோடு கிளியர் ஆனதும் வரேன்."

வைத்துவிட்டார். எனக்குக் குளிருகிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. ப்ளக்கைப் பிடுங்கினேன். எங்கள் அடுப்பும் கரண்ட் அடுப்பு, வெந்நீருக்கு எங்கே போவது? கொஞ்ச நேரத்தில் ஓணான் கறுத்துப்போய் அசையாமல் கிடந்தது. செத்துத் தொலைந்தால் விட்டது சனி என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். செத்தால் அவர் அதையே நினைத்துக்கொண்டு காலம் பூராவும் உட்கார்ந்திருப்பார் என்றும் தோன்றியது. செத்த சக்களத்தியோடு போட்டி போட முடியாது.

கையை உள்ளே விட்டுத் தூக்கினேன். முதல் தடவையாகத் தொடுகிறேன். ஃப்ரிஜ்ஜில் இருந்து எடுத்த பாகற்காய் மாதிரி சில்லென்று இருந்தது. ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டேன். வேலியில் போன ஓணான் அவர் வேட்டிக்குள் போகவில்லை, என் வயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டது. ரஜாய் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல அதன் நகம் அசைந்தது. எரிகிற வயிறு எதற்காவது உதவுகிறதே என்று இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். காரைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார், மூக்கெல்லாம் சிவந்திருந்தது. நேரே தொட்டியிடம் போய்க் காலியாக இருப்பதைப் பார்த்து, மூடியைத் தூக்கி உள்ளே துழாவினார். நான் ஸ்வெட்டர் கழுத்தை இழுத்துக் காட்டினேன்.

"தங்கம்!" என்று ஓடிவந்து கையை நீட்டினார்.

ஓணான் அந்த விரல் பட்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஸ்வெட்டருக்குள்ளேயே இன்னும் கீழே இறங்கியது. மறுபடி நீட்டினார். என் பனியனை நகத்தால் கவ்வி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்கிட்ட அது வராம இருந்ததே இல்லையே" என்றார்.

"உங்க கை ஐஸா இருக்கு. சூடு எங்க இருக்கோ அங்கதான் அது போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் முகம் தொங்கிப்போனது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குளிர்காலம் பூராவும் குளியலறைக் கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான் அது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஃப்ரிஜ் உறுமியது, கரண்ட் வந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைத் திருப்பினார். எவ்வளவு வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

"சாப்டாச்சா?" என்றார்.

"சூடு இல்லாம போடக் கூடாதுன்னீங்க. போடல."

"அதைக் கேக்கல. உன்னைத்தான் கேட்டேன்."

ரஜாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஓணான் வயிற்றில் அசையாமல் கிடந்தது.

"இல்ல. நான் எந்திரிச்சா இது விழுந்துடும். கீரை நறுக்கற கைதானே, போய் வெங்காயம் நறுக்குங்க. உப்புமா கிண்டலாம், எப்படின்னு நான் இங்க இருந்தே சொல்றேன்."