கையால கேக்கட்டுமா, டீச்சரம்மா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலா, நாற்பத்து ஐந்தா என்று சரியாக நினைவில்லை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். மயிலாப்பூரில், கடலோரம் சாந்தோம் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் அப்பா, அத்தை, அண்ணன் எல்லாருமே வாத்தியார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், பழைய மாணவர் யாராவது ஒருவர் அப்பாவுக்கு வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். அந்த மரியாதை எனக்கும் சீக்கிரமே வந்துவிடும் என்ற நினைப்போடுதான் வேலையில் சேர்ந்தேன்.

எனக்குக் கொடுத்தது காது கேளாத பிள்ளைகளின் வகுப்பு. மொத்தம் ஐந்தே பேர். அதற்காக ஆறு மாதம் பயிற்சி எடுத்திருந்தேன். பயிற்சியில் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளைக் கையால் பேச விடக்கூடாது, விட்டால் வாய்ப்பேச்சு வரவே வராது என்று. நானும் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். மேஜை மேல் ஒரு கண்ணாடி, பக்கத்தில் மெல்லிய காகிதத் துண்டுகள். உதட்டுக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'ப' என்று சொன்னால் அது படபடக்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் 'ப' கற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்து பேரில் ஒருத்தி மீனவர் குப்பத்துச் சிறுமி. ஏழு வயது. அவள் அம்மா கூடையில் மீன் சுமந்து மயிலாப்பூர்த் தெருக்களில் விற்பவள். காலை விற்பனையை முடித்துவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மத்தியானம் மகளை அழைத்துப்போகப் பள்ளி வாசலுக்கு வருவாள். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளும் அழகைப் பார்க்க வேண்டும். நாலு கைகளும் காற்றில் பறக்கும். அன்று வகுப்பில் நடந்தது, தெருவில் பார்த்தது, பசி, கோபம் எல்லாம் ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிந்துவிடும். நடுவில் இரண்டு பேருமாகச் சிரிப்பார்கள்.

எனக்கு அது அழகாகத் தெரியவில்லை. நான் காலையெல்லாம் கட்டுவதை இவள் வாசலிலேயே இடித்துவிடுகிறாளே என்றுதான் தோன்றியது. ஒருநாள் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டில் கையால் பேசாதீர்கள் என்று சொன்னேன்.

அவள் திகைத்துப் போனாள். "அப்போ எங்கூட்ல இன்னா பண்றது டீச்சரம்மா? எம்புள்ள பேசறதே கையிலதான?"

"அவ கைய ஆட்டினா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. வாயத் திறந்து முயற்சி பண்ற வரைக்கும் பதில் சொல்லாதீங்க. கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும்."

அவள் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நீ படிச்சவ. உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. முழு நம்பிக்கையோடுதான் சொன்னாள்.

நான் சொன்னபடியே செய்தாள். மறுநாளிலிருந்து பள்ளி வாசலில் அந்தக் கைகள் பறக்கவில்லை. குழந்தை ஏதோ சொல்லத் தொடங்குவாள், அம்மா கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்படியே மூன்று வாரம் போயிற்று. குழந்தையும் வகுப்பில் அமைதியாக உட்கார ஆரம்பித்தாள். அதை நான் முன்னேற்றம் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் சிறுமி நொண்டிக்கொண்டு வந்தாள். நேராக என் மேஜைக்கு வந்து, இரண்டு விரல்களை வாயோரத்தில் மீசை போல நீட்டினாள். அப்புறம் பாவாடைக்குக் கீழே தன் காலைக் காட்டினாள். ஒரு விரலால் உள்ளங்கையைக் குத்திக் காட்டினாள். முகத்தில் ஒரே அவசரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து மேஜை மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். என் உதட்டைக் காட்டி, "வாயால சொல்லு" என்றேன். அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில், கண்ணில் நீர் முட்ட, நான் கற்றுக்கொடுத்திருந்த ஒரே சத்தத்தைச் சொன்னாள். "ப... ப."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கை தட்டினேன். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பெப்பர்மிட்டை எடுத்து அவள் வாயில் போட்டேன்.

செவ்வாயும் புதனும் அவள் வரவில்லை. வியாழக்கிழமை முற்பகல் அவள் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வலது பாதம் கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது.

"சொரம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன் டீச்சரம்மா. கால பாவாடைக்குள்ள இழுத்துக்கினு படுத்திருந்தா. என்னாண்ட ஒண்ணுமே சொல்லல. காலைலதான் பாத்தேன். ஆஸ்பத்திரிக்கு எங்கூட வா. அங்க பேசறதுக்கு எனுக்குத் தெரியாது."

மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டு, ரிக்‌ஷா பிடித்து, மூவரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். குழந்தை வீறிட்டாள். "என்ன குத்திச்சு? ஆணியா, கண்ணாடியா, முள்ளா? எப்போ? முழுசா வெளியே வந்துச்சா, உள்ளேயே ஒடிஞ்சிருக்கா? அது தெரியாம நான் எங்கேன்னு கீறித் தேடறது?" என்றார்.

நான் குழந்தையின் முன்னால் குனிந்து, உதட்டை நிதானமாக அசைத்துக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கையால கேக்கட்டுமா, டீச்சரம்மா?"

ஐயோ, பெற்ற பிள்ளையிடம் பேசுவதற்கு அவள் என்னிடம் அனுமதி கேட்டாள்! "கேளுங்க, கேளுங்க" என்றேன்.

முந்தானையிலிருந்து அந்தக் கைகள் வெளியே வந்ததும் குழந்தையின் முகம் மாறியதே, அதை எப்படிச் சொல்வது? மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் விரல்களில் கொட்டியது. அதே இரண்டு விரல் மீசை. அதே குத்தல். அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு டாக்டரிடம் சொன்னாள். கரையில் வலையிலிருந்து உதறிப் போட்ட, மீசை வைத்த கெளுத்தி மீனை ஞாயிற்றுக்கிழமை மிதித்திருக்கிறாள். முள்ளைப் பிடுங்கியபோது பாதிதான் வந்தது. மீதி குதிகாலுக்கு முன்னால் உள்ளே இருக்கிறது. டாக்டர் அந்த இடத்திலேயே கீறினார். சீழோடு ஒரு நகக்கண் நீளத்துக்கு முள் வந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்.

கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தை அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னாள். என்னைக் காட்டினாள். தன் ஒரு மணிக்கட்டை மறு கையால் இறுகப் பிடித்துக் காட்டினாள். அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும், "என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல டீச்சரம்மா. உன் வளையல் நல்லா கீதாம்" என்றாள்.

நானும் அதை நம்பியதுபோல் தலையாட்டினேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பத்து நாள், பள்ளி விட்டதும் குப்பத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து வந்தேன். பிஸ்கோத்து, பழம் எல்லாம் வாங்கிப் போனேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. பதினோராவது நாள் அவர்கள் வீட்டு வாசலில் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழந்தை திங்கட்கிழமையே என்னிடம் சொன்னதை, நான் கையைப் பிடித்து அழுத்தியதை, பெப்பர்மிட் கொடுத்ததைக்கூட.

அவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "தெரியும் டீச்சரம்மா. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாளே."

"பின்னே ஏன் வளையல்னு சொன்னீங்க?"

"நாலு பேரு எதிர்ல சொன்னா நீ வெக்கப்பட்டுக்கினு வேலைய வுட்டுப் பூடுவே. இந்த ஊர்ல எம்புள்ளைய உக்கார வெச்சி சொல்லிக் குடுக்க வேற யாரு கீறாங்க?" கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும்தான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். நீ பாதி, நான் பாதி. அளுவாத."

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அவள் வாசலோடு நிற்கவில்லை. வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். கெளுத்திக்கு எந்த விரல், பசிக்கு எது, பயத்துக்கு எது என்று எனக்கு அவள் கற்றுக்கொடுத்தாள். 'ம' என்று சொல்லும்போது குழந்தையின் கையைத் தன் தொண்டையில் எப்படி வைத்துக்கொள்வது என்று நான் அவளுக்குக் காட்டினேன். பள்ளியில் எனக்கு மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பயிற்சிக்கு விரோதமாக நடக்கிறேன் என்று ஒரு தடவை கண்டித்தார்கள். ஆனாலும் நான் முதலில் கையால் சொல்லிவிட்டு அதே சொல்லை வாயாலும் எழுத்தாலும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருஷத்தில் அந்தச் சிறுமி தன் பெயரை எழுதினாள். 'அம்மா' என்று சொன்னாள். தேய்ந்துபோன, காற்று கலந்த ஒரு 'அம்மா'. அதைக் கேட்ட அவள் அம்மா மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்தப் பெண் பிற்பாடு ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலைக்குப் போய், கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானாள். கால் கொஞ்சம்கூட நொண்டவில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தேன். புதிதாக ஒரு குழந்தை சேர வந்தால், கூட வந்த அம்மாவையோ அப்பாவையோ முதலில் உட்காரவைத்து, "உங்க பிள்ளை உங்ககிட்ட எப்படிப் பேசும்? எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்றுதான் தொடங்குவேன். என் தப்பைத் தெரிந்துகொண்டும் என்னைத் துரத்திவிடாமல், தன் பிள்ளைக்காக என்னைக் கூடவே வைத்துக்கொண்டு திருத்தினாளே ஒருத்தி, அவளால்தான் நான் வாத்தியார் ஆனேன் என்று இந்த வயதிலும் நினைத்துக்கொள்கிறேன்.