மாணிக்கண்ணன் போட்ட நீளம்

செய்தி வந்த நேரத்தில் நான் மாணிக்கண்ணனைத்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். காலை ஷிப்டு போகும் வழியில், ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அவர் ஸ்டூடியோ பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, எதிர் டீக்கடையில் சத்தமாகக் கேட்டேன்: "இன்னாப்பா, பென்சில் அண்ணன் இன்னும் எழுந்துக்கலையா? யாரு மூக்கை நேராக்கினு கீறாரு?" டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்தினார். "விடியக்காலைல போய்ட்டாரு கோவிந்து. நெஞ்சு வலியாம்." சொன்ன சொல்லைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள வழியில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய கல்யாணப் படம் ஸ்டூடியோ மாணிக்கம் எடுத்ததுதான். அம்மைத் தழும்பு இருந்தவர்களுக்குத் தழும்பில்லாத முகத்தைக் கொடுத்தவர் அவர். நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, கீழே வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக அடைப்பார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெள்ளையாக விழும். அதற்கு டச்சிங் என்று பேர். என் கல்யாணப் படம் வந்தபோது நான் கேட்டேன், "இது யாருண்ணா, மாப்பிள்ளைத் தோழனா?" அவர் தலையைத் தூக்கவில்லை. "உன் பொஞ்சாதி ஆயுசு பூரா பாக்கப்போற படம்டா. கொஞ்சம் கருணை காட்டினேன்" என்றார்.

அந்தக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. நடந்து எட்டு வருஷமாகிறது. மேடையேறிப் பேசிய தொழிற்சங்கத் தலைவர் எங்கள் சங்கத்துக்காரர் இல்லை, எதிர்ச் சங்கத்துக்காரர். ஆனால் நான் எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவன். மறுநாள் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது பேசிச் சிரிக்க விஷயம் வேண்டாமா? முண்டியடித்து மேடைக்குப் பின்பக்கமே போய்விட்டேன். பேச்சு முடிந்து, மாலை விழுந்தது. மாணிக்கண்ணனின் கேமரா பல்பு பளிச்சென்று எரிந்தது. அதற்கப்புறம் ஐந்து நிமிஷம்கூட இருக்காது. படியிறங்கி ஜனத்துக்குள் போன தலைவரை யாரோ கத்தியால் குத்திவிட்டார்கள். குத்தியவன் யாரென்று யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டார்.

மாலையோடு எடுத்ததுதான் தலைவரின் கடைசிப் படம். எல்லாரும் கேட்டார்கள், மாணிக்கண்ணன் அழுதுகொண்டே பிரிண்டு போட்டார். மூன்றாம் நாள் அதைப் பெரிதாக்கி நோட்டீஸ் அடித்தார்கள். தலைவரின் தோளுக்குப் பின்னால் என் பல்லிளிக்கிற மூஞ்சி. என் கையில் வெள்ளையாக, நீளமாக ஒன்று.

சலூனில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வாதம் நடந்தது. "கத்திதான். பளபளன்னு கீது பாரு." "கத்தின்னா பிடி எங்கப்பா?" "பிடி கைக்குள்ள கீது." இன்னொருவர், படமே பெங்களூரில் வெட்டி ஒட்டியது, தலைவர் நிழல் ஒரு பக்கமும் கோவிந்து நிழல் ஒரு பக்கமும் விழுகிறது என்றார். சதி என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. எதிர்ச் சங்கத்தின் சதி, சொந்தச் சங்கத்தின் சதி, மேலிடத்துச் சதி. எந்தச் சதியானாலும் கத்தி என் கையில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே போலீஸ்காரர்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் பெண் செல்விக்கு அப்போது பதினோரு வயது. ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

என் கையில் இருந்தது சுண்ணாம்பு டப்பா. அலுமினியத்தில் விரல் கனம் இருக்கும், வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. மாணிக்கண்ணன் லாக்கப்புக்கு என்னைப் பார்க்க வந்தார். "அண்ணா, டப்பாவைப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும்" என்று கெஞ்சினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாக்கலையேடா. நான் அவரு மொகத்தைத்தான பாத்துக்கினு இருந்தேன்."

"தூக்குல போட்டுடுவாங்கண்ணா!"

"பாக்காததைச் சொல்ல மாட்டேன்டா. ஆனா செஞ்சதைச் சொல்றேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. போங்க என்று கத்தினேன். கத்தியது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

மறுநாள் விசாரணை அதிகாரியின் முன்னால் என்னை நிறுத்தியிருந்தார்கள். மாணிக்கண்ணன் நெகட்டிவோடு வந்தார். அதில் தூசி விழுந்து ஒரு வெற்றுப் புள்ளி இருந்ததாம். அப்படியே பிரிண்டு போட்டால் தலைவரின் வெள்ளைச் சட்டை ஓரத்தில் கறுப்பாக விழும். போன மனுஷர் மேல் கறை விழக் கூடாதென்று, பழக்க தோஷத்தில், பென்சிலால் அடைத்தாராம். அழுத கண், கை நின்ற இடத்தில் நிற்கவில்லை. பென்சில் தாண்டிப் போய் என் கையில் இருந்த பளபளப்போடு சேர்ந்துவிட்டது.

"அப்ப கையில இருக்கறது என்னய்யா?" என்றார் அதிகாரி.

"தெரியாதுங்க சார். வெள்ளையா ஏதோ கீது. அதோட நீளம் மட்டும் நான் போட்டது."

சொல்லிவிட்டு அதிகாரி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி துடைத்துக் காட்டச் சொன்னார். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு அவர் எல்லார் எதிரிலும் துடைத்தார். பிரிண்டு போட்டுப் பார்த்தபோது கத்தி கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. என்னை விட்டுவிட்டார்கள். குத்தியவனை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

நியாயமாக நான் அன்றைக்கே அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். டப்பா என்று சொல்லவில்லையே என்ற கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெளியே வந்ததும் டீக்கடையில் நான் செய்த முதல் காரியம், அவருக்குப் பென்சில் என்று பேர் வைத்தது. எல்லாரும் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. நான் விளையாட்டாகச் சொன்னதை மற்றவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். சாட்சியைத் துடைத்தவன், கத்தியையே அழித்தவன், யாரிடமோ பணம் வாங்கிக்கொண்டவன் என்றார்கள். ஸ்டூடியோ கதவில் ஒருநாள் கரியால் பென்சில் படம் வரைந்திருந்தது. அவர் வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். நான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் யார் முகத்திலும் பென்சில் வைக்கவில்லை. இருக்கிற மூஞ்சியை இருக்கிறபடி எடுத்தால் யார் வருவார்கள்? பெண் பார்க்கப் படம் வேண்டியவர்கள் பங்காருபேட்டைக்கு ரயில் ஏறினார்கள். போன வருஷம் அந்த ரயிலில் நானும் ஏறினேன். செல்விக்குக் கன்னத்தில் ஒரு தீத்தழும்பு. மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டிருந்தார்கள். மாணிக்கண்ணன் எடுத்துக் கொடுத்தார், டச்சிங் மட்டும் மாட்டேன் என்றார். "நேர்ல வந்து பாக்கட்டும்டா. செல்விக்கு இன்னா கொறைச்சல்?" என்னைக் காப்பாற்றிய மனுஷரிடம், "உங்க நேர்மையை வெச்சு என் பொண்ணு தாலி கட்டிக்க முடியாதுண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு அவர் வந்தார். வேறு ஆள் படம் எடுப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். சாப்பிட்டார். போகும்போது, வாசலில் மாட்டியிருந்த பங்காருபேட்டைப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "நல்லாத்தான் போட்டுக்கீறான். ஆனா பொண்ணு நேர்ல இன்னும் நல்லா கீறாடா." அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் ஒருவர் என் முதுகில் தட்டி, "இன்னா கோவிந்து, உண்மையையும் சேத்துப் பொதைச்சாச்சா?" என்றார். நான் சொன்னேன்: "ஸ்டூடியோ இருட்டு ரூம்ல அவரு இன்னா செஞ்சாருன்னு நான் பாக்கலை. என் கையில இருந்தது சுண்ணாம்பு டப்பா. அது எனக்குத் தெரியும்." கோவிந்து கிண்டல் செய்கிறான் என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்று, மறுபடியும் அதையே சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் இப்படி ஒருநாள் நின்றிருந்தால் அந்தக் கதவில் யாரும் கரி பூசியிருக்க மாட்டார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிற்பைத்தான். தெரிந்ததைத் தெரிந்த மட்டுக்குச் சொல்லிவிட்டு, கேட்கிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் நின்றாரே, அதை. எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.