படைக்காத ஜாக்கி

பேசின ஆளை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதால் கேட்டேன். கேட்டதில் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாதவர்கள் சதுரங்கப்பட்டினம் வந்தால் என் மகன் தணிகைவேலையே கேட்கலாம். சொல்வான். சொல்லும்போது ஒரு இடத்தில் உட்கார மாட்டான், அவ்வளவுதான்.

அவன் வண்டி மெக்கானிக். வீட்டுக்கு முன்னாலேயே தகரக் கொட்டகை போட்ட பட்டறை. போன ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டு, ஸ்பேனர், சுத்தியல், வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற இரும்பு ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாகப் பரப்பினோம். முன்னால் தரை முழுக்க வாழை இலை, இலை நிறையப் பொரி. வண்டியைத் தூக்குகிற ஜாக்கி ஒன்று மட்டும் மூலையில் வெறுமனே கிடந்தது.

“அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரு பொட்டு வையேன்டா.”

“வாணாம்மா. படைச்சிட்டா நாளைக்குக் காலைல மறுபூஜை வரைக்கும் தொட முடியாது. அவசரத்துக்கு ஒண்ணு வெளிய கெடக்கட்டும். போன வாரம் படாளம் காயலாங்கடைல வாங்குன பழசுதானே.”

நாலைந்து ஸ்பேனரையும் ஒரு பையில் போட்டுத் தனியாக வைத்துக்கொண்டான். சாமிக்கும் காட்டியாயிற்று, வேலைக்கும் வழி வைத்தாயிற்று. பட்டறை வைத்திருப்பவர்கள் பல பேர் செய்கிற கெட்டிக்காரத்தனம்தான்.

மருமகள் வச்சலா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் இருக்கும். ஏழு மணி ஆகவில்லை. மீன் ஏற்றுகிற ஞானதாஸ் தன் குட்டியானை வண்டியைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“அடியில ஏதோ ஆடுது தணிகை. ஐஸ் கரைஞ்சிதுன்னா என் பொழப்பு நாறிடும்.”

“மீன்தான் அண்ணாத்த நாறும்” என்று சிரித்துக்கொண்டே அந்த மூலை ஜாக்கியை எடுத்தான். வண்டி மேலே ஏறியது.

நான் குறுக்கே போய் நின்றேன். “ஸ்டாண்டு வைக்காம உள்ள பூந்துடாதடா.”

“ஸ்டாண்டு சாமிகிட்ட கீது. ரெண்டே போல்ட்டும்மா.”

புகுந்துவிட்டான். அவன் கால் மட்டும் வெளியே தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் வாசலில் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் பேச்சுக் கேட்டது.

“பதினாலாம் நம்பர் ஸ்பேனர் குடு அண்ணாத்த.”

“இந்தா.”

ஸ்பேனர் இரும்பில் உரசுகிற சத்தம்... கிர்ர்... கிர்ர்...

“சுத்திகினே கீது. புடி கெடைக்கல.”

“மெதுவா திருப்பு நைனா.”

கரகரத்த குரல். ஞானதாஸுக்குச் சளி போல என்று நினைத்தேன். ஆனால் அவர் யாரையும் நைனா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“பெரிம்மா... டீ.”

எனக்கு எதிரில், ரோட்டிலிருந்து வந்தது அந்தக் குரல்.

ஞானதாஸ் கையில் டீ பார்சலோடு நின்றுகொண்டிருந்தார்.

“நீ... நீ உள்ள இல்ல?”

“அவன் அடியில பூந்தப்பவே கடைக்குப் போய்ட்டேன். இப்பத்தான் வரேன்.”

உள்ளே பேச்சு நிற்கவில்லை.

“இன்னொரு சுத்து.”

“ஆங்... வந்துடுச்சு.”

ஞானதாஸும் கேட்டார். அவர் முகம் மாறியது.

பிறகு அந்தக் கரகரத்த குரல், மிக நிதானமாக...

“நகரு நைனா. நான் படுத்துக்கறேன்.”

தரையில் துணி தேய்கிற சத்தம். திரும்பினேன். தணிகை மல்லாந்தபடியே வெளியே வந்துகொண்டிருந்தான். தோள் வந்தது. தலை வந்தது.

டக்.

ஜாக்கி வழுக்கியது.

வண்டி மொத்தமாக இறங்கியது.

அப்புறம் ஒரு சத்தம்... இரும்புச் சத்தம் இல்லை.

யாரோ மூச்சை ஒரேயடியாக வெளியே விட்ட மாதிரி.

“அண்ணாத்த!” தணிகை அலறினான். “அண்ணன் அடியில கீறாரும்மா!”

“நான் இங்க கீறேன்டா” என்றார் ஞானதாஸ்.

அவன் அவரையே பார்த்தான். “அப்ப... கை நீட்டிக் குடுத்தது?”

குனிந்து பார்த்தோம். அடியில் யாரும் இல்லை.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தேன். அதில் சந்தனம். ஈரமாக. மேலே குங்குமம். படையல் வரிசையில் அந்த ஸ்பேனர் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை எடுக்கப் பொரியை மிதிக்காமல் போக முடியாது. ஒரு பொரிகூட நசுங்கவில்லை.

இரண்டு வாரம் அவன் பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு நானும் அவனும் படாளம் போனோம். காயலாங்கடை சடையப்பன் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. யார் போட்டது என்று மட்டும் சொன்னான். நாலு தெரு தள்ளி ஒரு வீடு.

கதவைத் திறந்த பெண்ணின் பெயர் பூங்கொடி. ஜாக்கியைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என் வூட்டுக்காரருதும்மா. மெக்கானிக்கு. இது வழுக்கித்தான் வண்டி அவரு மேல எறங்குச்சு. உசுரு தங்குச்சு, ஆனா கையும் காலும் வாயும் போச்சு. பத்து வருஷம் கட்டில்லயே கெடந்தாரு. ஆயுத பூஜைக்கு இத அவரு பக்கத்துல வச்சிப் பொட்டு வைப்பேன். கண்ணால பாத்துகினு இருப்பாரு. இந்த வருஷம் எனக்கே வெறுத்துப்போய் எடைக்குப் போட்டுட்டேன்.”

“இப்ப எங்க அவரு?”

“பூஜை அன்னிக்கே போய்ட்டாரும்மா. விளக்கு வச்ச நேரம், திடீர்னு வாயத் தொறந்தாரு. பத்து வருஷம் கழிச்சி! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா என்கிட்ட பேசல. வேற யாருக்கோ பதில் சொன்னாரு. இந்தான்னாரு. மெதுவா திருப்புன்னாரு.”

தணிகை என் கையை இறுக்கிப் பிடித்தான்.

“அப்புறம் நகரு நைனான்னாரு. அவ்ளோதான்.”

பிறகு என் பக்கம் நகர்ந்து, தணிகைக்குக் கேட்காதபடி கேட்டாள்.

“குளிப்பாட்டறப்போ தொட்டுப் பாத்தேன்மா. நெஞ்செலும்பு எல்லாம் நொறுங்கி உள்ள போயிருந்துச்சு. கட்டில்ல படுத்துகினு இருந்தாரு. மேல போத்துன போர்வகூட கலையல. எப்புடிம்மா?”