மிளகாய்ச் சாக்கு

பேத்திக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். மெல்லிய துணி போதும் என்று டாக்டர் சொல்லியும் என் மனைவி கம்பளியோடு வந்தாள். பிடுங்கி வெளியே எறிந்தேன். இந்த வீட்டில் நான் காட்டிய ஒரே வீரம் அதுதான். கம்பளியின் பாச்சை உருண்டை நெடிக்குத் தும்மல் வந்தது. அதோடு பழைய நினைவும் வந்தது.

நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் காய்ச்சலை வேர்க்கவைத்துத்தான் விரட்டுவார்கள். தங்கச்சிக்கு அப்போது நான்கு வயது. அய்யா கதவைச் சாத்தினார். போர்வை போதாமல் மிளகாய்ச் சாக்குகளை அவள்மேல் அடுக்கினார். எல்லோரும் தும்மினோம்.

"ஏலே, ஓரத்துல ஒக்காரு. தள்ளிவிடாமப் பாத்துக்க."

எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. சொன்ன வேலையை நான் ஒழுங்காகச் செய்தது அந்த ஒருமுறைதான்.

"வேகுதுண்ணே. எடுத்துருண்ணே."

"அய்யா வைவாரு. சும்மா படு."

சற்று நேரத்தில் அவளுக்குக் கைகால் வெட்டி இழுத்தது. அய்யா தோளில் போட்டுக்கொண்டு இராமநாதபுரம் பஸ்ஸுக்கு ஓடினார். நானும் ஓடினேன். வழியில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"காச்சல் எறங்கிருச்சுலே."

ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படித்தான் நம்பிக்கொண்டு போனோம்.

"எறங்கிருச்சுப்பா, நெத்தி ஜில்லுன்னு இருக்கு" என்று மகள் இப்போது சிரிக்கிறாள். நான் பேத்தியின் மூக்கருகே விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு படுகிறது. இருந்தும் விரலை எடுக்க முடியவில்லை.