ஜாரில் மிஞ்சிய பாசி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் நான் ஆராய்ச்சி செய்தது பாசியில். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் சுவரில் மெத்தென்று படருமே, அந்த வகைதான். மற்ற செடிகளுக்குள் புது மரபணுத் துண்டைச் செலுத்தினால் அது எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. இந்தப் பாசி பெரும்பாலும் சொன்ன இடத்தில் ஏற்றுக்கொள்ளும். அப்படியும் இரண்டு வருடம் மல்லுக்கட்டிய பிறகுதான், நான் குறிவைத்த மரபணுவின் நடுப்பகுதி வெட்டுப்பட்ட ஒரே ஒரு செடி கிடைத்தது. அதைப் பெருக்குவதற்காக மிக்ஸியில் அடித்துத் தட்டுகளில் பரப்பினேன். அரைத்தாலும் துணுக்குகள் முளைத்துவிடும். எல்லாத் தட்டுகளையும் ஒரே அறையில் வைத்தது என் முட்டாள்தனம்.

ஆடிப்பூரத் தேருக்கு நான்கு நாள் விடுமுறை. திரும்பி வந்தபோது வளர்ப்பறை அடுப்படியாகக் கொதித்தது. விளக்குகள் எரிந்தன, ஏசி ஓடவில்லை. தட்டுகளெல்லாம் பழுப்பு. மெக்கானிக்கைப் போனில் வைதுகொண்டிருக்கும்போதே ஏசி தானாக ஓட ஆரம்பித்தது. கரண்ட் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி செய்ய அவகாசம் கிடையாது. அந்தச் செடி இல்லையென்றால் எனக்குப் பட்டம் இல்லை.

அப்போது பாத்திரம் கழுவும் அக்கா, கூமாப்பட்டிக்காரர், பக்கத்து அறையிலிருந்து மிக்ஸியின் கண்ணாடி ஜாரைக் கொண்டுவந்தார்.

"இது கழுவாமக் கெடக்கும்மா."

"எவ வச்சிட்டுப் போனது?" என்று பாய்ந்தேன்.

"நீதாம்மா. தேருக்குப் போற அவசரத்துல."

ஜாரின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் பச்சையாகத் துணுக்குகள். ஜாரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; என் செடியாக இருக்கலாம். ஆனால் அன்று சாதாரணப் பாசியையும் அதே ஜாரில்தான் அடித்திருந்தேன். கடைசியாக அடித்தது எது என்று எழுதி வைக்கவில்லை. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

சோதிக்கும் அளவுக்கு அது வளர மூன்று வாரம் ஆனது. "உசுரு புடிச்சிருச்சாம்மா?" என்று அக்கா தினமும் கேட்டார். எரிச்சலோடு தலையாட்டுவேன்.

சோதனை இதுதான்: இரண்டு பாசிகளிலும் அந்த மரபணுவை மட்டும் நகலெடுத்து, ஜெல் என்ற கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சிப் பக்கம் பக்கமாக ஓடவிடுவது. வெட்டுப்பட்டது குட்டை, வேகமாக ஓடும்; அதனால் அதன் கோடு கீழே இறங்கி நிற்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜார்ப் பாசியின் கோடு கீழே நின்றது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு அழுகை வந்தது.

"கெடச்சிருச்சாம்மா?" என்று வாசலில் நின்ற அக்கா கேட்டார்.

"கெடச்சிருச்சுக்கா."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப சொல்லிருதேன். லீவுக்குப் போறப்ப லைட்டத் தவிர எல்லா சுவிட்சையும் அமத்துனேன்மா, ஏசியையும் சேத்து. நீ போன்ல வையும்போதுதான் ஓடிப்போயி போட்டுவிட்டேன். மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அவரை என்ன பேசியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.